மூவர் மலை (9): மலையிறங்கிய செம்மண்

காஞ்சியிலிருந்து கரிராமனைச் சுமந்துகொண்டு புறப்பட்ட மூன்று சகோதரர்களில் பெரியண்ணன் சேர்வராயன் மலைக்கும், நடுவண்ணன் பச்சைமலைக்கும், சின்னண்ணன் கொல்லிமலைக்கும் ஏறிக் குடிகொண்டார்கள் என்றும், அவர்களுடைய வம்சத்தாரே மலையை ஆளுகிறவர்கள் என்னும் பொருளில் மலையாளிகள் என்று பெயர் பெற்றார்கள் என்றும் வழங்கிவரும் ஐதீகத்தோடு இந்தத் தொடரை ஆரம்பித்தோம். ஊருக்கு ஊர் இக்கதையில் மலையும் மனிதரும் இடம் மாறுவதுண்டு. மூவரும் பிரிந்தார்கள் என்பது மட்டும் எங்கும் மாறுவதில்லை.

சென்ற வாரம் பெரியண்ணனுடைய மலையில் நின்றோம். சேலம் ஜில்லாவின் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820களில் ஏற்காட்டுப் பக்கம் காப்பிச் செடியை ஊன்றிய காலம்முதல், காடு தோட்டமாகி, தோட்டம் எஸ்டேட்டாகி, அந்த மண்ணிலேயே பிறந்தவர்கள் அதே மண்ணில் கூலிக்கு நிற்க நேர்ந்த விருத்தாந்தத்தைக் கண்டோம். அண்ணனுடைய மலைக்கு வந்த கதி தம்பியின் மலைக்கு வராமல் போனது ஏன் என்ற கேள்வியோடு நிறுத்தியிருந்தோம்.

குளிர்காய்ச்சல் ஒரு காரணம். பெயரிலேயே மரணத்தைச் சுமந்திருப்பதாகப் பாமரர் நம்பிய அந்த மலையின் காய்ச்சலுக்கு அஞ்சி வெள்ளைக்காரர்கள் அங்கே பங்களா கட்டிக்கொள்ளத் துணியவில்லை. நாற்புறமும் சுவர் வைத்தாற்போல எழுந்து நிற்கும் அதன் செங்குத்தான சரிவுகள் மற்றொரு காரணம். இவ்விரண்டும் சேர்ந்து, ஒரு நூற்றாண்டுக்கு மேலாகச் சின்னண்ணனுடைய வம்சத்துக்குக் காவல் நின்றன.

ஆனால் மலையின் மேல்தோலுக்கு விலை உண்டு என்பதை அப்போது எவரும் அறியவில்லை.

* * *

கொல்லிமலையின் நிர்வாகத் தலைமையிடத்துக்குச் செம்மேடு என்று பெயர். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து மேலே வந்து சேருகிறவர்களின் கால்களில் முதலில் ஒட்டுவது செம்மண்தான். பிரயாணம் முடிந்து ஊர் திரும்பி இரண்டு முறை துவைத்த பிறகும் வேட்டியின் கரையில் அந்தச் சிவப்பின் சாயல் மிஞ்சியிருக்கும்.

இந்த மலையின் உடம்பு சார்னோகைட் என்னும் கருங்கல்லால் ஆனது. கல்கத்தாவில் அடக்கமான ஜாப் சார்னோக் என்னும் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியின் கல்லறையில் பதித்த கல்லும், நம் பல்லாவரத்துக் குன்றுகளின் கல்லும் ஒரே இனம் என்று கண்ட ஹாலந்து என்னும் புவியியலாளர் அவர் பெயரையே அதற்குச் சூட்டினார். அந்தக் கருங்கல்லின் உச்சியில், கணக்கிட முடியாத ஆண்டுகளாக மழையும் வெயிலும் மாறி மாறிப் பட்டுக் கரையக்கூடியவை எல்லாம் கரைந்து போக, கரையாமல் எஞ்சி, மலையின் தலையில் தொப்பி வைத்தாற்போலப் படிந்த பொருளே பாக்சைட்.

அதில் ஒரு கட்டியைக் கையில் எடுத்துப் பார்த்தால் கல் என்றும் சொல்ல முடியாது, மண் என்றும் சொல்ல முடியாது. செங்காவியும் மஞ்சளும் இளஞ்சிவப்பும் திட்டுத் திட்டாகக் கலந்து, நுண்துளைகள் நிறைந்து, சில இடங்களில் பட்டாணியைப் பதித்தாற்போல உருண்டைகள் புடைத்துத் தோன்றும். அதன்மேல் வாயால் ஊதினால், கோடையின் முதல் மழை பட்ட தரையின் வாசனை மெல்ல எழும்.

1821ல் பிரான்சின் தென்பகுதியில் உள்ள லே போ என்னும் சிற்றூரின் அருகே பெர்த்தியே என்பவர் இத்தகைய மண்ணைக் கண்டறிந்தார். அவ்வூரின் பெயரே இதற்குப் பெயராயிற்று. 1855ல் பாரிஸ் கண்காட்சியில் அலுமினியக் கட்டிகளை வைத்தபோது, விலைமதிப்பில் பொன்னுக்கும் வெள்ளிக்கும் நிகரான அபூர்வ உலோகமாக அது மதிக்கப்பட்டது. பிறகு 1886ல், அமெரிக்காவில் ஹால் என்னும் வாலிபரும் பிரான்சில் எரூ என்னும் வாலிபரும், ஒருவரை ஒருவர் அறியாமலே, மின்சாரத்தைப் பாய்ச்சி அந்த உலோகத்தைப் பிரித்தெடுக்கும் ஒரே வழியைக் கண்டார்கள். இருவரும் 1863ல் பிறந்தவர்கள். இருவரும் 1914ல் மறைந்தவர்கள். காஞ்சியிலிருந்து வந்து பிரிந்த சகோதரர்களின் கதையை எழுதிக்கொண்டிருக்கையில், கடலுக்கு இருபுறமும் பிறந்த இந்த இருவரை நினையாமல் இருக்க முடியவில்லை.

அவர்களுடைய கண்டுபிடிப்பால் பொன்னுக்கு நிகராக இருந்த உலோகம் குடிசைக்குள் வரும் அளவுக்கு மலிந்தது. அது மலிவதற்கு ஒரு நிபந்தனை இருந்தது. மின்சாரம் ஏராளமாகவும் சகாயமாகவும் கிடைக்க வேண்டும்.

* * *

அந்த மின்சாரம் மேட்டூரில் இருந்தது.

1934ல் காவிரிக்குக் குறுக்கே எழுந்து முடிந்த அணை, வயல்களுக்கு நீரும் ஆலைகளுக்கு ஒளியும் தரத் தொடங்கிய நாள்முதல், அதைச் சுற்றித் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. நாடு விடுதலை அடைந்து, ஐந்தாண்டுத் திட்டங்கள் வகுக்கப்பட்டு, எந்த ஜில்லாவில் எந்தத் தாது இருக்கிறது என்று பட்டணத்தில் படம் விரித்துப் பார்த்த காலத்தில், அதாவது நிலக்கரியே இல்லை என்று ஏங்கிய தமிழகத்துக்கு நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிச் சுரங்கம் உருவாகிக்கொண்டிருந்த அதே காலத்தில், சென்னை அலுமினியம் கம்பெனி பதிவாயிற்று. அது 1960ஆம் ஆண்டு. இத்தாலி தேசத்து மாண்டெகாட்டினி நிறுவனத்தின் தொழில்நுட்பத் துணையோடு எழுந்த அந்த ஆலை 1965ல் மேட்டூரில் உற்பத்தியைத் தொடங்கிற்று. மலையில் யாரும் இந்த நீண்ட பெயரைச் சொல்வதில்லை. மால்கோ என்பார்கள், அல்லது வெறுமே கம்பெனி என்பார்கள்.

கணக்கு எளியது. ஏறத்தாழ 4 டன் பாக்சைட்டிலிருந்து 2 டன் அலுமினா; 2 டன் அலுமினாவிலிருந்து 1 டன் அலுமினியம். அந்த ஒரு டன்னை வார்த்தெடுக்க ஏறத்தாழ 15,000 யூனிட் மின்சாரம். எஞ்சிய செஞ்சேறு ஆலையின் அருகே தேக்கங்களில் குவிந்துகொண்டே போகும்.

ஆலைக்கு வேண்டிய செம்மண் இரண்டு மலைகளிலிருந்து வந்தது. ஒன்று சேர்வராயன், மற்றொன்று கொல்லி.

இந்த இடத்தில் சற்று நிற்க விரும்புகிறேன். எந்தக் காலத்தில் பிரிந்தார்கள் என்று யாராலும் சொல்ல முடியாத பெரியண்ணனும் சின்னண்ணனும், பெண் கொண்டும் கொடுத்தும் கொள்ளாமல் பல தலைமுறைகள் தனித்தனி மலைகளில் வாழ்ந்த அந்த இரண்டு கிளைகளும், மறுபடியும் ஒன்றாய்ச் சேர்ந்த இடம் மேட்டூர் ஆலையின் அரைவை யந்திரம். மனிதர்கள் அங்கே போய்ச் சேரவில்லை. அவர்கள் காலின் கீழிருந்த மண் போய்ச் சேர்ந்தது. எந்த லாரியில் அண்ணன் மண், எந்த லாரியில் தம்பி மண் என்று பார்க்கிற வழக்கம் யந்திரத்துக்குக் கிடையாது.

* * *

சுரங்கம் என்றதும் நிலக்கரி வயல்களின் இருட்டும், விளக்குத் தொப்பியும், பாதாளத்துக்கு இறங்கும் கூண்டும் வாசகர்களுக்கு நினைவு வரலாம். கொல்லிமலையில் அப்படி எதுவும் இல்லை. இங்கே வேலை திறந்த வெளியில், சூரியன் பார்க்க நடந்தது. மேல்மண்ணை வழித்து ஒதுக்கிவிட்டு, கீழே உள்ள சில அடிக் கனமுள்ள தாதுவைப் பெயர்த்து, தரம் பார்த்துப் பிரித்து, லாரியில் ஏற்றினால் முடிந்தது. லாரிகள் மலையிறங்கி, நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட வழியில் மேட்டூர் சென்று, காலியாகத் திரும்பி மலையேறும்.

இத்தொடரின் ஆரம்பம்முதல் நாம் பின்தொடர்ந்து வரும் வீட்டுக்கு, பெயர் சொல்ல வேண்டாம் என்று அவ்வீட்டார் கேட்டுக்கொண்ட அந்த வீட்டுக்கு, சென்ற மாசியில் மறுபடியும் போயிருந்தேன். வாசலில் சாணம் மெழுகிய களத்தில் மிளகு காய்ந்துகொண்டிருந்தது. வீட்டின் மூத்த பெண்மணி அடுப்பருகே உட்கார்ந்து சாமைக்கு உலை வைத்திருந்தார். உலை கொதித்தது அலுமினியக் குண்டானில். ஈயக் குண்டான் என்றுதான் அவர் சொன்னார்; நம் கிராமங்களில் அலுமினியத்துக்கு அதுதான் பெயர். வாய்விளிம்பு ஒரு பக்கம் நசுங்கியும், அடி கரிபிடித்தும் போயிருந்த அந்தக் குண்டானைச் சோளக்காட்டுச் சந்தையில் வாங்கியதாகச் சொன்னார்.

"மண்ணு பானையில வெச்சா சோறு மணக்கும் தம்பி. ஆனா பானை ஒடையுது, இது ஒடையாது."

அந்தக் குண்டானில் இருந்தது எந்த மலையின் மண்ணோ என்று நான் யோசித்துக்கொண்டிருந்ததை அவரிடம் சொல்லவில்லை.

அவருடைய மாமனார் காலத்தில் அந்த வீடு கூலி வேலை அறியாது. காட்டைத் திருத்திச் சாமையும் தினையும் கேழ்வரகும் விதைத்து, அறுத்து, குதிரில் கொட்டி, அடுத்த விளைச்சல்வரை தின்று, நோம்பிக்குப் பன்றி அடித்து, அரப்பளீஸ்வரர் சந்நிதிக்கு ஆடியில் நடந்துபோய் வந்த ஜீவனம். உப்புக்கும் துணிக்கும் மட்டுமே சந்தைக்கு இறங்கினார்கள். கணவர் காலத்தில்தான் கம்பெனி வேலை வந்தது. கட்டி பெயர்ப்பதும் லாரி ஏற்றுவதும் நாள்கூலி; மழைக்காலத்தில் அதுவும் நிற்கும். ஆனாலும் வாரம் முடிந்ததும் கையில் காசு வந்தது.

வீட்டுக்குள் முதன்முதலாகக் காசு நுழைந்த அந்த வாரங்களைத்தான் இந்த வம்சத்தின் திருப்புமுனை என்று நான் கருதுகிறேன். காசு வந்த வீட்டில் சாமை குத்த ஆளில்லை. உமி நீக்குவதற்குள் தோள் இற்றுப்போகும் அந்த வேலையைப் பெண்கள் விரும்பிச் செய்ததில்லை என்பதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும்; உரலில் உலக்கை விழும் ஓசையைக் கவிதையாகக் கேட்கிறவர்கள் உலக்கையைப் பிடித்தவர்கள் அல்லர். ரேஷன் கடை அரிசி மலையேறிற்று. அதன் பின்னாலேயே, சேலத்து ஜவ்வரிசி ஆலைகளுக்காக மரவள்ளிக் கிழங்கும் மலையேறிற்று. சாமை விளைந்த சரிவுகளில் குச்சிக்கிழங்கு நின்றது.

சுரங்கம் தின்ற நிலம் மலையின் மொத்தப் பரப்பில் ஒரு சிறு பங்குதான். காசின் பழக்கமோ, வளவந்தி நாடு, குண்டூர் நாடு, சேலூர் நாடு என்று அவர்கள் தங்கள் மலையைப் பகுத்து வைத்திருக்கும் நாடுகளில், சுரங்கமே இல்லாதவற்றுக்கும் லாரித் தடம் இல்லாமலே போய்ச் சேர்ந்தது.

* * *

ஆலையின் அஸ்திவாரத்திலேயே அதன் பலவீனமும் இருந்தது.

மேட்டூரைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணமான மின்சாரமே முதலில் கைவிட்டது. விவசாய மோட்டார்களும் ஆலைகளும் நகரங்களும் பெருகப் பெருக, மழை பொய்த்த ஆண்டுகளில் அணையில் நீர் இறங்க இறங்க, மின்வெட்டு வந்தது, கட்டணம் ஏறிற்று. அலுமினிய உலைக்கு மின்வெட்டு என்பது விளக்கு அணைவதைப் போன்ற சிறு சங்கடம் அன்று. தொட்டியில் உருகி நிற்கும் குழம்பு சூடு இழந்தால் அப்படியே கல்லாக இறுகிவிடும். மறுபடியும் அதை உயிர்ப்பிக்கப் பெரும் பொருள் செலவாகும். 1990களின் தொடக்கத்தில் ஆலை நஷ்டத்தில் ஆழ்ந்து மூடிக் கிடந்தது.

மேட்டூரில் உலை குளிர்ந்தபோது கொல்லிமலையில் லாரிகள் நின்றன. கூலிக்குப் போனவர்கள் வீடு திரும்பினார்கள். குதிரைத் திறந்து பார்த்தால், அது காலி.

1995ல் ஸ்டெர்லைட் குழுமம் ஆலையை வாங்கிற்று. 1999ல் அணையின் தயவு வேண்டாதபடி நிலக்கரியால் இயங்கும் 75 மெகாவாட் அனல்மின் நிலையம் ஆலைக்கென்றே இயங்கத் தொடங்கிற்று. இவ்விதமாக, நிலக்கரியே இல்லாத இந்த மலையின் தலைவிதியையும் நிலக்கரி வந்து பற்றிக்கொண்டது. லாரிகள் மறுபடியும் மலையேறின.

இதற்கிடையே தில்லியில் இரண்டு சம்பவங்கள் நடந்தன. 1994 ஜனவரியில், இத்தகைய சுரங்கங்களுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்ற மத்திய அரசின் அறிவிக்கை வெளியாயிற்று. 1997 ஜூலையில், ஆந்திரத்துப் பழங்குடிகளுக்காகச் சமதா என்னும் அமைப்பு தொடுத்த வழக்கில், அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணைக்கு உட்பட்ட பகுதிகளில் அரசு தன் நிலத்தையும் தனியார் சுரங்கத்துக்குக் குத்தகை விடலாகாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

விசாகப்பட்டினத்து மலைகளில் அந்தத் தீர்ப்பைத் திருவிழாவாகக் கொண்டாடத்தக்க நியாயம் இருந்தது. கொல்லிமலைக்கு அதனால் பயனில்லை. ஏனெனில் தமிழ்நாட்டின் எந்த மலையும் ஐந்தாம் அட்டவணையில் சேர்க்கப்படவில்லை. கொல்லிமலையில் பெரும்பான்மையோர் மலையாளிகள். 2011ஆம் ஆண்டுக் கணக்கின்படி தமிழ்நாட்டில் 3,57,980 பேர் கொண்ட அந்தச் சமூகமே மாநிலத்தின் பழங்குடிகளில் மிகப் பெரியது. இருந்தும், அரசியலமைப்பு ஒரிசாவுக்கும் ஆந்திரத்துக்கும் கொடுத்த வேலி இங்கே கட்டப்படவேயில்லை. சுரங்கம் வந்ததைவிட, காசு வந்ததைவிட, இந்தக் கட்டப்படாத வேலியே இவ்வம்சத்தின் மீது இழைக்கப்பட்ட பெரிய அநீதி என்பது என் துணிபு. காய்ச்சலும் செங்குத்தும் ஒரு நூற்றாண்டு செய்த காவலை, அவற்றை மருந்தும் சாலையும் வென்ற பிறகு, சட்டம் ஏற்றிருக்க வேண்டும். அது ஏற்கவில்லை.

* * *

2008 வந்தது.

அவ்வாண்டு ஜூலையில் உலகச் சந்தையில் அலுமினியம் டன்னுக்கு 3,000 டாலரையும் தாண்டி விற்றது. ஆண்டு முடிவதற்குள் அந்த விலை ஏறக்குறையப் பாதியாயிற்று. அமெரிக்காவில் வங்கிகள் சரிந்த அதிர்ச்சி, நியூயார்க்கில் புறப்பட்டு, லண்டன் உலோகச் சந்தை வழியாக, மேட்டூர் உலைகளின் வாசலுக்கு வந்து சேர ஓரிரு மாதங்கள்கூட ஆகவில்லை. இன்னொரு பக்கம், சுற்றுச்சூழல் அனுமதியையும் குத்தகையையும் பற்றிய கேள்விகள் சேலத்திலும் நாமக்கல்லிலும் உரக்க எழுந்தன. மலையின் தலையிலிருந்து இந்த நுண்துளை மண்ணை வழித்துவிட்டால், மழைநீரைப் பிடித்து வைத்து ஊற்றாக விடுகிற பஞ்சையே வழித்துவிட்டதாகும் என்று சூழல் ஆர்வலர்கள் எடுத்துரைத்தார்கள்.

ஆண்டின் இறுதியில் பாக்சைட் வேலை நின்றது.

எப்படி நின்றது என்று அந்த வீட்டுப் பெண்மணியைக் கேட்டேன். கூட்டமோ கோஷமோ அவர் நினைவில் இல்லை. ஒரு நாள் விடியற்காலையில் முதல் லாரியின் சத்தம் வரவில்லை, உச்சிப்பொழுதிலும் வரவில்லை, கணவர் டிபன் தூக்கைக் கழுவி ஆணியில் மாட்டிவிட்டு, திண்ணையில் பாதையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல. அத்தன வருசம் லாரிச் சத்தத்துலயே தூங்கிப் பழகினவ. கம்முனு இருந்தா என்னமோ வீட்டுல பொணம் கெடக்கற மாதிரி."

அந்தத் தூக்கு இப்போதும் அதே ஆணியில் தொங்குகிறது. கணவர் காலமாகிவிட்டார். மூத்த மகன் திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் போனவன். ஆழ்துளைக் கிணறு தோண்டும் அந்த வண்டியோடு வடதேசமெல்லாம் சுற்றி, ஆண்டுக்கு ஒரு முறை ஓரி விழாவுக்கு வருகிறான். பாட்டனார் மண்ணை உழுதார். தந்தை மண்ணைப் பெயர்த்தார். மகன் ஊர் பெயர் தெரியாத மண்ணைத் துளைக்கிறான்.

சுரங்கக் குழிகளையும் பார்த்து வந்தேன். தாது போன இடத்தில் அடியிலிருந்த களிமண் வெளிறித் தெரிகிறது. மழைநீர் தேங்கிய ஓர் ஓரத்தில் மாடுகள் நீர் குடித்தன. மேட்டில் சில்வர் ஓக் மரங்கள் வரிசையாக நிற்கின்றன. ஆனால் குழிக்குள் விதைத்தவர் எவரையும் காணோம்.

* * *

திரும்பும்போது அந்த அம்மையார் ஒன்று சொன்னார். லாரிகள் ஓடிக்கொண்டிருந்த நாட்களிலேயே, மற்றொரு விதமான அந்நியர்கள் மலைக்கு வரத் தொடங்கியிருந்தார்களாம். அவர்கள் மண்ணைக் கேட்கவில்லை. "ஒங்க மாமியா காலத்து வெத ஏதாச்சும் இருக்குதா" என்று வீடு வீடாகக் கேட்டார்கள். சென்னையில் எம்.எஸ். சுவாமிநாதன் தொடங்கிய ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் 1990களில் கொல்லிமலையில் சிறுதானியங்களைத் தேடத் தொடங்கிய செய்தி அது. கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை, பெருஞ்சாமை என்று அவர்கள் பெயர் எழுதிக்கொண்ட விதைகளில் சில, அதற்குள் ஒரு சில வீடுகளின் மூலையில் மட்டுமே எஞ்சியிருந்தன.

"எங்கூட்டுலயும் கேட்டாங்க."

"இருந்ததா, அம்மா?"

அவர் அடுப்பைத் தணித்துவிட்டு எழுந்து உள்ளே போனார். பரணில் எதையோ நகர்த்தும் ஓசை கேட்டது. வாய் துணியால் கட்டி, சாம்பல் பூசிய ஒரு சிறிய மண்கலயத்தை இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு வந்து, என் முன்னால் வைத்தார். கட்டை அவிழ்க்கவில்லை.

கம்பெனிக் கூலி வந்த அத்தனை ஆண்டுகளும், குதிர் காலியாகக் கிடந்த அத்தனை ஆண்டுகளும், கணவருக்கும் தெரியாமல் அந்தக் கலயத்துக்குள் அவர் காத்து வைத்திருந்தது எது? விதை கேட்டு வந்தவர்களிடம் அதை அவர் ஏன் காட்டவில்லை?

(அடுத்த வாரம்)